கேமராவைப் பார்க்கிறவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசிப்பு வட்டத்தில் மாதம் ஒரு படம் பார்த்துப் பேசுகிறோம். போன மாதம் ‘எர் இஸ்ட் வீடர் டா’ என்ற ஜெர்மன் படம். 2014இல் பெர்லினில் ஒரு குடியிருப்புக்கு நடுவே ஹிட்லர் கண் விழிக்கிறார், எல்லாரும் அவரை வேஷக்காரர் என்று நினைக்கிறார்கள், டிவியில் நட்சத்திரம் ஆகிவிடுகிறார். நடுநடுவே அவர் நிஜமான தெருக்களில் நிஜமான ஆட்களோடு பேசுவதுபோல வருகிறது.

படம் முடிந்ததும் பெரிய வாக்குவாதம். ஒருவர், “ஜெர்மன்காரர்கள் மாறவே இல்லை, படமே சாட்சி” என்றார். இன்னொருவர், “எல்லாம் செட்டப். தெருவில் பேசுகிறவர்களும் நடிகர்கள்தான்” என்றார். மூன்றாமவர், “நிஜ ஆட்களை இப்படி ஏமாற்றிப் படம் பிடிப்பது அயோக்கியத்தனம், அங்கே இதற்குச் சட்டம் இல்லையா” என்று கேட்டார். எங்கள் வட்டத்து இளைஞர்கள் இரண்டு பேர் இதே முறையில் ஒரு குறும்படம் எடுக்கப் போவதாகச் சொல்கிறார்கள்.

அடுத்த மாதம் மறுபடி திரையிட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசலாம் என்றிருக்கிறோம். எது நிஜம், எது நடிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யார் சொன்னது சரி? டப்பிங் செய்த பிரதி கிடைத்தால் அதைப் போடலாமா?

அன்புடன்,
கி.

அன்புள்ள கி.,

செட்டப் என்று சொன்ன நண்பரிடமிருந்து தொடங்குகிறேன். அதைத் தீர்ப்பதுதான் எளிது. தெருவில் பேசுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் நடிகர்கள் அல்ல. 2014இல் இயக்குநர் டாவிட் வ்னென்ட், ஒலிவர் மசூச்சி என்ற நடிகருக்கு ஹிட்லர் வேஷம் கட்டி ஜெர்மனி நெடுக அழைத்துப் போனார். பெர்லினின் பிராண்டன்பர்க் வாசலில் சுற்றுலாப் பயணிகளுக்கு நடுவே நிறுத்தினார், கால்பந்து ரசிகர்களுக்கு நடுவே விட்டார், சிற்றூர்க் கடைகளில் உட்காரவைத்தார். மக்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். சிலர் கட்டிப்பிடித்தார்கள், சிலர் கையை நீட்டி அந்தப் பழைய வணக்கத்தை வைத்தார்கள். இன்னும் சிலர் எதிரில் உட்கார்ந்து குடியேறிகளைப் பற்றியும் அரசியல்வாதிகளைப் பற்றியும் மனதில் இருந்ததைக் கொட்டினார்கள். இப்படிச் சேர்ந்த ஃபுட்டேஜ் 300 மணி நேரத்துக்கு மேல். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மசூச்சி வியன்னாவின் பர்க் தியேட்டர் மேடையில் நடித்துக்கொண்டிருந்தவர். சினிமாவில் அவர் முகம் அப்போது அதிகம் பேருக்குத் தெரியாது. இந்த முறைக்கு அது முதல் நிபந்தனை. தெரிந்த நட்சத்திரத்தைப் போட்டிருந்தால் ஜனங்கள் அந்த நட்சத்திரத்தோடு பேசியிருப்பார்கள். வேஷத்தோடு பேச வேண்டுமென்றால் வேஷத்துக்குள் இருப்பவர் யாரென்று தெரியக்கூடாது.

அந்தக் காட்சிகளில் அவர் அதிகம் பேசுவதில்லை என்பதையும் கவனியுங்கள். எது உறுத்துகிறது என்று கேட்கிறார், கேட்டுவிட்டு அசையாமல் காத்திருக்கிறார். எதிரில் இருப்பவர் சொன்னதில் ஒரு சொல்லை எடுத்துத் தன் தோரணையில் திருப்பிக் கொடுக்கிறார். அவ்வளவுதான். மைக் முன்னால் ஏற்படும் மௌனத்தைத் தாங்க முடியாமல் அடுத்தவர் தொடர்ந்து பேசிவிடுகிறார். செய்தியாளர்களுக்கும் விசாரணை அதிகாரிகளுக்கும் தெரிந்த உத்திதான் இது. அதை ஒரு நடிகர், மீசையும் தோல்வாரும் மாட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் பாத்திரம் கலையாமல் செய்கிறார். இந்தப் படத்தின் பெரிய நடிப்பு இந்தக் கேட்டலில் இருக்கிறது, அந்த ஆவேசப் பேச்சுகளில் இல்லை.

இனி படத்தின் சாரத்துக்கு, அதாவது கட்டுமானம் தாங்கி நிற்கும் சாரத்துக்கு வருகிறேன். மூலநாவலை எழுதியவர் திமூர் வெர்மெஷ். 2012இல் 19.33 யூரோ விலையில் வந்தது. ஹிட்லர் பதவிக்கு வந்த ஆண்டை விலையிலேயே ஒளித்திருந்தார்கள். நாவல் முழுக்க ஹிட்லர் தானே சொல்லும் கதை. நகைச்சுவை அத்தனையும் அந்தக் குரலில் இருக்கிறது. இன்றைய உலகத்தைத் தன் பழைய கண்ணால் பார்த்து, தவறாகப் புரிந்துகொண்டு, ஆனாலும் ஒருபோதும் சந்தேகப்படாத குரல். திரையில் அந்தக் குரலை இரண்டு மணி நேரம் பின்னணியில் ஓட்ட முடியாது. வ்னென்ட் அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு சாலைப் பயணத்தை வைத்தார். டிவி நிறுவனத்தில் வேலை போன சவட்ஸ்கி, ஒரு ஹிட்லர் வேஷக்காரர் கிடைத்தார் என்று அவரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் பிடிக்கிறார். இழந்த வேலையைத் திரும்பப் பிடிப்பது அவர் எண்ணம்.

சவட்ஸ்கி கையில் எப்போதும் கேமரா இருக்கிறதே, அதைக் கதைக்காகச் செய்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். அது இந்தப் படத்தின் அடித்தளம். தெருவில் ஒருவர் கேமராவோடு நிற்க ஒரு காரணம் வேண்டும். கதையே அந்தக் காரணத்தைக் கொடுத்துவிடுகிறது. வேஷக்காரரும் அவரைப் படம் பிடிக்கும் ஆளும் என்று இருவரைப் பார்த்தால் யாரும் ‘இது எதற்கு’ என்று கேட்பதில்லை, ஏதோ டிவி நிகழ்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கேமராவை ஒளித்துவைக்கும் தேவையே இல்லாமல் போகிறது.

உங்கள் மூன்றாவது நண்பர் கேட்ட சட்டக் கேள்வியும் இந்த இடத்தில்தான் வருகிறது. ஜெர்மனியில் மறைவாகப் பதிவு செய்வது பெரிய சிக்கல். பொதுவில் பேசாத பேச்சை அனுமதியில்லாமல் பதிவு செய்வது அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி குற்றம், மூன்று ஆண்டுவரை சிறை. படத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ஒருவரின் உருவத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது என்று 1907இலேயே எழுதிவிட்டார்கள். அந்தச் சட்டம் வந்த கதையைக் கட்டாயம் உங்கள் வட்டத்தில் சொல்லுங்கள். 1898 ஜூலையில் ஜெர்மனியின் முதல் சான்சலர் பிஸ்மார்க் இறந்த இரவில், இரண்டு புகைப்படக்காரர்கள் அவர் வீட்டுக்குள் ஜன்னல் வழியே நுழைந்து, சடலத்தைப் படம் எடுத்து விற்கப் பார்த்தார்கள். குடும்பம் வழக்குப் போட்டது. படத்தைத் தடுக்க நீதிமன்றத்தால் முடிந்தது, ஆனால் நேரடியான சட்டம் இல்லாததால் அத்துமீறி நுழைந்ததைக் காரணமாகப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1907 சட்டம். கூட்டத்திலோ ஊர்வலத்திலோ இருப்பவரையும், ஓர் இடத்தைப் படமெடுக்கும்போது ஓரத்தில் தற்செயலாக விழுகிறவரையும் அது விலக்குகிறது. தனியாக எடுத்துக் காட்டப்படுகிறவருக்குச் சம்மதம் வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு நின்றிருந்தால், சந்தேகம் வரும்போது சம்மதித்ததாகவே கொள்ளப்படும்.

படத்தில் சில இடங்களில் முகங்கள் மங்கலாக்கப்பட்டிருக்கும். அதை அழகியல் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். அந்த மங்கலுக்குப் பின்னால் ஒரு நிஜ ஆளும் அவருடைய உரிமையும் இருக்கின்றன.

சீருடையும் வணக்கமும் எப்படி அனுமதிக்கப்பட்டன என்று அடுத்து யாராவது கேட்பார்கள். நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது அதே குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி குற்றம்தான். கலை, ஆய்வு, கல்வி, செய்தி ஆகியவற்றுக்காகப் பயன்படுத்தினால் விலக்கு உண்டு. மசூச்சிக்கு அந்த விலக்கு உண்டு. எதிரில் நின்று உற்சாகமாகக் கையை நீட்டிய ஆளுக்கு அது கிடைக்குமா என்பது வேறு கேள்வி. படமெடுத்தவர்கள் கலைக்கான பாதுகாப்புக்குள் நின்றுகொண்டு, பாதுகாப்பு இல்லாத ஒருவரை வெளியே இழுக்கிறார்கள். அயோக்கியத்தனம் என்ற சொல்லை உங்கள் நண்பர் பயன்படுத்தினாரே, அதற்குக் காரணம் இருக்கிறது என்றால் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இப்போது நிஜத்தையும் நடிப்பையும் பிரிக்கும் வழி. முதலில் ஓர் எச்சரிக்கை: கேமரா ஆடினால் நிஜம், ஆடாவிட்டால் நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டும் ஒட்ட வேண்டும் என்பதற்காக எழுதி எடுத்த காட்சிகளிலும் கையில் பிடித்தே எடுப்பது வழக்கம். ஆட்டம் எதையும் நிரூபிக்காது.

வெட்டைப் பாருங்கள். இருவர் பேசும்போது ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகம், பிறகு எதிர்ப்புறம் போய் அதே மாதிரி. நம் ஊர் சினிமாக்காரர்கள் இதை சஜஷன் என்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில், ஒரே வெளிச்சத்தில், யார் வாயும் பாதியில் வெட்டுப்படாமல் வந்தால், அந்த வசனம் இரண்டு தடவையாவது பேசப்பட்டிருக்கிறது. நிஜமான ஆள் ஒரே தடவைதான் பேசுவார். அவருடைய காட்சியில் கேமரா பெரும்பாலும் ஒரே பக்கம் நிற்கும். பேசுகிறவர் மாறும்போது வெட்டுக்குப் பதில் கேமரா தலையைத் திருப்பும், திருப்பியபின் ஒரு கணம் ஃபோகஸ் தேடும். ஆள் பேச ஆரம்பித்து அரைச் சொல் போனபிறகுதான் கேமரா அவரிடம் வந்து சேரும். நடிப்புக் காட்சியில் கேமரா பேச்சுக்கு முன்பே போய்க் காத்திருக்கும், ஏனென்றால் அதற்கு வசனம் தெரியும்.

ஒலி இன்னும் நேர்மையானது. மசூச்சியின் சட்டைக்குள் மைக் இருக்கிறது. எதிரில் நிற்பவரிடம் இல்லை, அவர் குரல் கேமரா பக்கத்திலிருந்தோ ஹிட்லரின் நெஞ்சு மைக் வழியாகவோதான் வருகிறது. அதனால் ஹிட்லர் குரல் நெருக்கமாகவும் வறட்சியாகவும் இருக்கும், எதிராளியின் குரல் சற்றுத் தள்ளி, காற்றோடும் வண்டிச் சத்தத்தோடும் இருக்கும். ஒரு பேச்சில் இரண்டு குரலும் ஒரே நெருக்கத்தில் கேட்டால் சந்தேகப்படுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு காட்சியைக் கேட்டுப் பாருங்கள், பத்துக்கு எட்டுத் தடவை சரியாகச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, ஓரத்தில் போகிறவர்கள். பின்னணியில் நடக்கிறவர் லென்ஸை நேராகப் பார்த்துவிட்டுப் போனால் அது தெரு. துணை நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே லென்ஸைப் பார்க்காதே என்பதுதான். பிராண்டன்பர்க் வாசல் காட்சியில் ஹிட்லரைப் பார்க்காமல் பின்வரிசையை மட்டும் பார்த்தபடி ஒருமுறை ஓட்டுங்கள். யார் சிரிக்கிறார்கள், யார் போனை எடுக்கிறார்கள், யார் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார்கள் என்று எண்ணுங்கள். முழுப் படத்தையும் விட அந்த ஒன்றரை நிமிடம் அதிகம் பேசும்.

இந்த மூன்று சோதனையும் தோற்கும் காட்சிகளும் உண்டு, நிஜமும் நடிப்பும் ஒரே சட்டகத்துக்குள் கலக்கும்போது. கால்பந்து ரசிகர்கள் வரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியை இழித்துப் பேசும் அந்த இளைஞர் நடிகர், படக்குழு நிறுத்திவைத்தவர். ஹிட்லர் தூண்டிவிடுகிறார். அவர்மேல் பாய்கிற ரசிகர்கள் நடிகர்கள் அல்ல, எதிரில் இருப்பவர் நடிகர் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தூண்டில் பொய், இரை பொய், கடி நிஜம். உங்கள் நண்பர்கள் இருவரும் இந்தக் காட்சியை வைத்தே ஆளுக்கொரு பக்கம் வாதாடலாம், இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். நான் மறுபடி மறுபடி திரும்பிப் போவது இந்தக் காட்சிக்குத்தான். கூட்டத்தை வெறியேற்ற எவ்வளவு குறைந்த நேரம் போதும் என்று அது காட்டுகிறது. அதே சமயம், அந்த நேரத்தையும் அந்த இரையையும் படக்குழுதான் ஏற்பாடு செய்தது.

முழுக்க எழுதி எடுத்த பகுதிகளைப் பொறுத்தவரை, டிவி நிறுவனத்துக்குள் நடக்கும் அதிகாரப் போட்டி எனக்குச் சாதாரணமாகவே படுகிறது. ஓர் இடம் விதிவிலக்கு. கிறிஸ்டோஃப் மரியா ஹெர்ப்ஸ்ட் நடித்த டிவி மேலாளர் சென்சன்பிரிங்க், நிறுவனம் கையைவிட்டுப் போவதைக் கேட்டு நடுங்கும் கையால் கண்ணாடியைக் கழற்றுகிறார், சிலரை மட்டும் இருக்கச் சொல்லி மற்றவர்களை வெளியே அனுப்புகிறார், கதவு சாத்தியதும் கத்தத் தொடங்குகிறார், வெளியே நிற்கிறவர்கள் காதைத் தீட்டி நிற்கிறார்கள். 2004இல் வந்த ‘டெர் உன்டர்காங்’ படத்தில் புரூனோ கான்ஸ் ஹிட்லராக நடித்த பதுங்குகுழிக் காட்சியின் அச்சு அது. இணையத்தில் ஆயிரம் வசன எழுத்தோடு கேலியாகச் சுற்றியதும் அதே காட்சிதான். ஹிட்லர் வேஷம் நிதானமாக உட்கார்ந்திருக்க, கோட் போட்ட மேலாளர் ஹிட்லராக மாறுகிறார். நாவலின் ஒலிப்புத்தகத்தை ஹிட்லர் குரலில் வாசித்தவரும் இதே ஹெர்ப்ஸ்ட்தான். ஜெர்மன் ரசிகர்களுக்கு அந்தக் குரலே இன்னொரு அடுக்கு. நமக்கு அது கேட்காது, அதனால் திரையிடும் முன் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு எழுதிய காட்சி, மறதிநோய் வந்த யூதப் பாட்டி. எல்லாரும் வேடிக்கை என்று நினைத்த ஆளை அவர்தான் முதலில் அடையாளம் கண்டு வெளியே போகச் சொல்கிறார். அன்றும் முதலில் ஜனங்கள் சிரிக்கத்தான் செய்தார்கள் என்கிறார். நல்ல நடிப்பு, சீரான வெளிச்சம், அசையாத கேமரா. எனக்கு அங்கே ஒரு குறை. படத்தின் மிகத் தெளிவான எதிர்ப்பு ஓர் எழுதப்பட்ட பாத்திரத்தின் வாயில் இருக்கிறது. தெருவிலும் எதிர்த்தவர் உண்டு. ஒரு நகரச் சதுக்கத்தில் ஹிட்லர் உட்கார்ந்து சுற்றுலாப் பயணிகளை வரைந்துகொண்டிருக்கும்போது, வழியில் போன ஒருவர் கோபமாக வந்து கேட்கிறாரே, அவர். படம் அவரை ஒரு நிமிடம்கூட வைத்துக்கொள்வதில்லை. பாட்டிக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அவருக்குக் கொடுத்திருக்கலாம்.

இது உங்கள் முதல் நண்பருக்கான பதிலுக்கு என்னைக் கொண்டுவந்து சேர்க்கிறது. 300 மணி நேரம் என்றால் 18,000 நிமிடம். படம் 116 நிமிடம். படம் முழுக்கவே தெருக்காட்சி என்று வைத்துக்கொண்டாலும் 155 நிமிடத்தில் ஒரு நிமிடம்தான் நம்மிடம் வந்திருக்கிறது. மீதி 154இல் என்ன இருந்தது? தோளைக் குலுக்கிவிட்டுப் போனவர்கள், பேருந்துக்கு ஓடியவர்கள், சலிப்பூட்டும் பதில்கள். எடிட்டிங் மேசையில் சலிப்பு முதலில் விழும். சிரித்தவரும் கையை நீட்டியவரும் நிற்பார்கள். எதிர்ப்புகள் மிகக் குறைவு என்று மசூச்சியும் வ்னென்டும் பேட்டிகளில் சொன்னார்கள், அதை நம்புகிறேன். ஆனால் எதிர்க்காததும் ஆதரிப்பதும் ஒன்றல்ல. தெருவில் ஒரு வேஷக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவரை ‘மாறாத ஜெர்மன்காரர்’ கணக்கில் சேர்த்தால், அந்தக் கணக்கு நம்முடையது, படத்தினுடையது அல்ல. எத்தனை பேரில் எத்தனை பேர் என்று சொல்லாத சான்று எண்ணிக்கைக்கு உதவாது. இப்படிப் பேச முடிகிறது, இந்த வார்த்தைகள் இன்னும் கைவசம் இருக்கின்றன, கேமரா முன்னால்கூட அவற்றைச் சொல்ல வெட்கமில்லை என்பதற்கு அது உதவும். அதுவே போதுமான அளவு கலக்கத்தைத் தருகிறது. பெரிதாக்க வேண்டியதில்லை.

தேதிகளையும் பாருங்கள். தெருப் படப்பிடிப்பு 2014இல் நடந்தது. டிரெஸ்டனில் பெகிடா என்ற, குடியேற்றத்தையும் இஸ்லாத்தையும் எதிர்க்கும் இயக்கத்தின் ஊர்வலங்கள் தொடங்கியது அந்த ஆண்டு அக்டோபரில். அகதிகள் பெருமளவில் வந்தது 2015 கோடையில். படம் அரங்குக்கு வந்தது 2015 அக்டோபர் 8. படத்தின் முடிவில் ஓடும் செய்தித் துண்டுகள், ஊர்வலங்களும் அகதிகளுக்கு எதிரான வெறுப்பும், பெரும்பாலும் தெருவில் எடுத்ததற்குப் பிறகு நடந்தவை. தெருவில் அந்த மனிதர்கள் முணுமுணுத்தது முதலில், ஊர்வலம் பிறகு. இந்த வரிசை தெரிந்தால் முதல் நண்பரின் வாதம் வலுப்பெறும், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஏமாற்று பற்றி. இங்கே யாரும் எதிரில் இருப்பவர் நிஜ ஹிட்லர் என்று நம்பி ஏமாறவில்லை. வேஷம் என்று தெரியும், கேமரா தெரியும். தெரியாதது ஒன்றுதான்: தங்கள் பேச்சு எந்த மாதிரிப் படத்தில் எந்த இடத்தில் உட்காரப் போகிறது என்பது. 2006இல் வந்த ‘போரட்’ என்ற படம் இன்னும் ஒரு படி போனது. அதில் எதிரில் இருப்பவர் நிஜமான வெளிநாட்டுச் செய்தியாளர் என்றே நம்பவைத்தார்கள். ஏமாந்தவர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். அவர்களே கையெழுத்திட்ட ஒப்புதல் தாளைக் காட்டி 2008இல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டம் தாளைப் பார்க்கும். படம் பார்க்கிற நாம் தாளுக்கு அப்பாலும் பார்க்கலாம்.

ஜெர்மனியில் இந்தக் கலப்பு வ்னென்டோடு தொடங்கியதல்ல. உங்கள் வட்டம் அடுத்துப் பார்க்க வேண்டியது அலெக்ஸாண்டர் க்ளூகேயின் 1979ஆம் ஆண்டுப் படம், ‘டி பாட்ரியோட்டின்’. ஹன்னலோரே ஹோகர் நடித்த காபி டைஷர்ட் ஒரு வரலாற்று ஆசிரியை. ஜெர்மன் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியாமல் மண்வெட்டி எடுத்துக்கொண்டு நிலத்தைத் தோண்டுகிறார். அவரை க்ளூகே ஹாம்பர்க்கில் 1977இல் நடந்த சமூக ஜனநாயகக் கட்சியின் நிஜமான மாநாட்டுக்குள் அனுப்பினார். நல்ல வரலாறு கிடைக்க உதவுங்கள், வரலாற்றை மாற்றுங்கள் என்று அவர் பிரதிநிதிகளிடம் கேட்கிறார். அவர்கள் குழம்புகிறார்கள், ஆனாலும் பொறுமையாகப் பதில் சொல்லப் பார்க்கிறார்கள். க்ளூகே யாரையும் அசடாக்கவில்லை. பொய்யான பாத்திரம் கேட்ட உண்மையான கேள்விக்கு நிஜ மனிதர் யோசிக்கும் முகத்தை வைத்துக்கொள்கிறார். என் அளவில் அது இன்னும் உயர்ந்த வேலை.

மறுகோடியில் ஜெர்மன் இயக்குநர் கிறிஸ்டோஃப் ஷ்லிங்கன்சீஃப். ஆஸ்திரியாவில் வலதுசாரி சுதந்திரக் கட்சி ஆட்சியில் பங்கேற்ற 2000ஆம் ஆண்டில், ஜூன் மாதம் வியன்னா ஓபரா பக்கத்தில் கண்டெய்னர்களை வைத்து, புகலிடம் கேட்டு வந்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று அறிவித்து, தினமும் யாரை நாடுகடத்துவது என்று மக்களை வாக்களிக்கச் சொன்னார். மேலே ‘வெளிநாட்டவரே வெளியேறு’ என்ற பலகை. வலதுசாரிகள் ஊர் மானம் போகிறது என்று கத்தினார்கள். இடதுசாரிகள் உள்ளிருப்பவர்களை விடுவிக்கிறோம் என்று கண்டெய்னர்மேல் ஏறினார்கள். பால் போயட் அதை 2002இல் ஆவணப்படமாக்கினார். ஷ்லிங்கன்சீஃப் தனியாளைத் தேர்ந்தெடுத்துக் காட்டவில்லை, ஒரு சதுக்கத்தையே கத்தவைத்தார். அதில் யாரும் தப்பவில்லை, அவரும் உட்பட.

உங்கள் இளைஞர்களுக்கு. எடுக்கட்டும், ஆனால் சிலவற்றை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு எடுக்கட்டும். கேமராவைக் காட்டியே எடுங்கள், கதையிலேயே அதற்கு ஓர் இடம் கொடுங்கள். ஆளுக்கு ஒரு வேலையாக மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள், கூட்டம் சேர்ந்தால் பேசுகிறவர் உங்களிடம் பேசமாட்டார், கூட்டத்திடம் பேசுவார். இரண்டாவது கேமரா ஒன்றை அகலமாக, வெட்டாமல் ஓடவிடுங்கள். எடிட்டிங்கில் எங்கே வெட்டினீர்கள் என்று பிறகு யாராவது கேட்டால் காட்ட அதுதான் சான்று. பேச்சு முடிந்ததும், போவதற்கு முன்பு, இது என்ன படம் என்று உண்மையைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். முதலில் வாங்கும் கையெழுத்து சட்டத்துக்கு மட்டும் உதவும். பாதிப் பேர் மறுப்பார்கள் என்று எதிர்பார்த்து அதற்கேற்றாற்போல் அதிகம் எடுங்கள். மறுத்தவரின் காட்சி எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் அழித்துவிடுங்கள். எத்தனை பேரிடம் பேசினீர்கள், எத்தனை பேர் சிரித்தார்கள், எத்தனை பேர் போய்விட்டார்கள் என்று நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். படத்தின் முடிவில் அந்த எண்களைப் போடுங்கள். வ்னென்ட் செய்யாமல் விட்டது அது.

தூண்டில் போடும் காட்சி வேண்டாம். கால்பந்து ரசிகர் காட்சியை எவ்வளவு மதித்தாலும், அடிவாங்கப் போகிறவரைத் தெருவில் நிறுத்துவது மூன்று பேர் கொண்ட குழு தாங்கக்கூடிய காரியமல்ல.

டப்பிங் பிரதி வேண்டவே வேண்டாம். மொழியுணர்வுக்காகச் சொல்லவில்லை. டப்பிங்கில் எல்லாக் குரலும் ஒரே ஸ்டூடியோவில் ஒரே மைக்கில் மறுபடி பேசப்படுகிறது. ஹிட்லரின் நெஞ்சு மைக்கும் தெருவோரத்துக் காற்றில் கரைந்த குரலும் ஒரே நெருக்கத்துக்கு வந்துவிடும். வட்டார வழக்கெல்லாம் போய்விடும். நான் மேலே சொன்னவற்றில் மிக நம்பகமான சோதனையே அழிந்துவிடும், அப்புறம் உங்கள் இரண்டாவது நண்பர் எல்லாரும் நடிகர்கள் என்று சொன்னால் மறுக்க ஒன்றும் இருக்காது. ஜெர்மன் ஒலியோடு, கீழே எழுத்து ஓடும் பிரதியைப் போடுங்கள். ஓரளவு நல்ல ஸ்பீக்கர் வையுங்கள், டிவியின் சொந்த ஒலி போதாது.

கடைசியில் ஹிட்லர் காரில் போகும் பகுதி வரும்போது எழுந்து விளக்கைப் போட்டுவிடாதீர்கள். நடைபாதையில் நிற்பவர்களில் சிலர் கையசைக்கிறார்கள், சிலர் நடுவிரலைக் காட்டுகிறார்கள், சிலர் வெறுமனே பார்க்கிறார்கள். யாரிடமும் கேள்வி கேட்கவில்லை, யாரையும் தூண்டவில்லை, வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. ஒலியைக் குறைத்துவிட்டு அதை இன்னொரு முறை ஓட்டுங்கள், ஆளுக்கொரு தாளில் மூன்று கட்டம் போட்டு எண்ணச் சொல்லுங்கள். பிறகு தாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அன்புடன்.